பத்து நாள், ஏழு குடும்பம், ஒரு ஹால்

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு போன். காலேஜில் என்கூடப் படித்தவன். பேசி நாலு வருஷமாவது இருக்கும். நலம் விசாரிக்கிற மூடில் எல்லாம் அவன் இல்லை. எடுத்த எடுப்பிலேயே, "டேய், உங்கப்பாவை எங்கடா சேர்த்தீங்க? அட்ரஸ் குடு. எங்க அண்ணனைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்" என்றான்.

"விட்டுட்டு எல்லாம் வர முடியாதுடா. நீயும் கூட உட்காரணும்."

"நான் எதுக்கு? குடிக்கிறது அவன்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2009-ல் இதே டயலாக்கை, இதே எரிச்சலோடு, நானும் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு அரைமணி நேரம் போனில் கதை சொன்னேன். வைத்தப்புறம்தான் தோணுச்சு, இதை எழுதியே வெச்சிடலாமே என்று. அப்பாவிடம் கேட்டேன். "எழுதேன்டா. ஊர்ல யாருக்குத் தெரியாது? பேர் மட்டும் போடாத" என்றார். அதனால் பேர் இல்லை. ஆஸ்பத்திரி பேரும் வேண்டாம். எங்களோடு இருந்த மற்ற ஆறு குடும்பங்களின் ஊர், தொழில் எல்லாம் மாற்றியிருக்கிறேன். ஹாலில் பேசினது ஹாலோடு என்று முதல் நாளே சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

கொஞ்சம் நீளமான பதிவு. கொசுவத்தியை ஏத்தி வெச்சுக்குங்க மக்களே :-)

*

எங்கள் வீடு திருச்சியில். அப்பாவுக்குத் துவாக்குடி பக்கம் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை. 'பெல்'லுக்கு சப்ளை பண்ணும் பெரிய யூனிட்டுகளிலிருந்து வேலை பிரிந்து வரும். ஐந்து பேர் வேலை பார்த்தார்கள். வெல்டிங்கில் அப்பா கை படு சுத்தம். அவர் போட்ட தையலைத் தடவிப் பார்த்தால் இணைப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்பார்கள்.

குடி ஆரம்பத்தில் சனிக்கிழமை மட்டும்தான். சம்பளம் போட்டுவிட்டு எல்லாரும் சேர்ந்து போவார்கள். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை அரசாங்கமே டாஸ்மாக் மூலமாக எடுத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் பட்டறைக்கு அடுத்த தெருவிலேயே கடை. கடை மேல் பழி போட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்க்கவில்லை. அந்தக் கடைக்கு முன்னாலேயே எங்கள் வீட்டில் சனிக்கிழமைச் சண்டை இருந்தது. ஆனால் 2006 வாக்கில் அது காலையிலேயே ஆரம்பிக்கிற குடியாகிவிட்டது. கை நடுங்க ஆரம்பித்தது. வெல்டிங் ஹோல்டரைப் பிடிக்கிற கை நடுங்கினால் அப்புறம் என்ன தொழில்? ஐந்து பேர் இரண்டு பேர் ஆனார்கள். 2008-ல் ஷட்டரை இறக்கியாச்சு.

இது அப்பா கதை. 'குடிகாரக் குடும்பம்' என்று சொல்லிவிட்டால் இதோடு முடிந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உள்ளே இருந்தது இது:

மீட்டர் வட்டிக்கு வாங்கின கடன் நாலு லட்சம். சாயந்தரம் ஆனால் வாசலில் பைக் வந்து நிற்கும். அம்மாவுக்குத் தூக்க மாத்திரை இல்லாமல் தூக்கம் கிடையாது, மாத்திரை போட்டாலும் இரண்டு மணி நேரம்தான். அக்கா புருஷன் வீட்டிலிருந்து இரண்டு வயசுக் குழந்தையோடு திரும்பி வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. "உங்கப்பன் யோக்யதைக்கு" என்று ஆரம்பித்துத்தான் மாமியார் எல்லாத்தையும் பேசுவாராம். தம்பி பாலிடெக்னிக் இரண்டாம் வருஷத்தில் நின்றுவிட்டான். பகலெல்லாம் தூங்குவான், ராத்திரி எங்கே போகிறான் என்று தெரியாது.

அப்புறம் நான். பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆணி புடுங்கிக்கொண்டிருந்தேன். மாசம் 12,000 வீட்டுக்கு. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவுக்குப் போன்: "வந்தாச்சா? எப்படி வந்தாரு? எவ்வளவு காசு குடுத்தீங்க? ஏன் குடுத்தீங்க?" அடுத்து தம்பியைக் கூப்பிடச் சொல்லி அவனுக்கு அர்ச்சனை. எங்கள் வீட்டில் சரியாக இருக்கிற ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

*

2009 ஜூன் கடைசியில் லீவுக்கு வந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். இதைச் சொல்ல இன்னமும் கூசுகிறது. அப்பாவை உள்ரூமில் வைத்துப் பூட்டிவிட்டேன். மூன்று நாள் குடிக்காமல் இருந்தால் உடம்பு தானாகப் பழகிடும் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

முதல் நாள் கத்தினார். இரண்டாவது நாள் வேர்த்துக் கொட்டியது, வாந்தி. மூன்றாவது நாள் காலையில் சுவரில் எறும்பு எறும்பாகப் போகிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். சுவரில் ஒன்றுமே இல்லை. மத்தியானம் வலிப்பு வந்துவிட்டது.

ஆம்புலன்ஸில் போகும்போது கூட எனக்குப் புரியவில்லை. டாக்டர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார். வருஷக் கணக்கில் தினமும் குடித்த உடம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கம் ஆரம்பிக்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற குழப்ப நிலை வரலாம், கவனிக்காமல் விட்டால் உயிரே போகும் என்றார். மருந்து கொடுத்து, வைட்டமின் பி1 ஊசி போட்டு, படிப்படியாகத்தான் இறக்கணுமாம். "பாசத்துலதான் பூட்டினீங்க, தெரியுது. ஆனா இன்னும் ஒரு நாள் பூட்டியிருந்தா நீங்க கொள்ளி வெச்சிருக்கணும்" என்றார்.

அங்கிருந்துதான் குடிநோய்க்கென்றே இருக்கிற அந்த இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதல் வாரம் அப்பாவுக்கு மட்டும் வைத்தியம். அட்மிஷன் ஃபாரத்திலேயே ஒரு வரி இருந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து 10 நாள் குடும்பத்தில் 15 வயசுக்கு மேலே இருக்கிற எல்லாரும் காலை ஒன்பதரையிலிருந்து சாயந்தரம் நாலரை வரை வரவேண்டும். வராவிட்டால் அப்பாவையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

"நான் எதுக்கு மேடம்? குடிக்கிறது அவருதானே?" என்றேன். ஆச்சா, டயலாக் வந்துவிட்டதா :-)

கவுன்சலர் மேடத்துக்கு ஐம்பது வயசு இருக்கும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. "வாங்க தம்பி. பத்து நாள் முடிஞ்சப்புறமும் இதே கேள்வி இருந்தா அப்ப பதில் சொல்றேன்" என்றார்.

*

ஒரு நீளமான ஹால். தரையில் ஜமக்காளம். சுற்றி ஏழு குடும்பம், மொத்தம் இருபத்தாறு பேர். முதல் நாள் ஆளுக்கு ஒரு சார்ட் பேப்பரைக் கொடுத்து, உங்க வீட்டுப் பிரச்சனையை எல்லாம் வரிசையா எழுதுங்க என்றார்கள். ஒரே கண்டிஷன், 'குடி' என்ற வார்த்தையை எழுதக் கூடாது.

எங்கள் சார்ட்டில் பதினோரு வரி வந்தது. சுவரில் ஏழு சார்ட்டையும் ஒட்டினப்புறம் எல்லாரும் எழுந்து போய் மற்றவர்களுடையதைப் படித்தோம். கடன், தூக்கமில்லை, பொண்ணு திரும்பி வந்துட்டா, பையன் படிப்பை விட்டுட்டான், சொந்தக்காரங்க விசேஷத்துக்குக் கூப்பிடறதில்லை. ஏழு சார்ட்டிலும் கையெழுத்துதான் வேற. அக்கா என் காதருகில், "நம்ம வீட்டுல மட்டும்தான்னு நினைச்சேன்டா" என்றாள். அவள் அழுதது அன்றைக்குத்தான் நிம்மதியான அழுகை என்று நினைக்கிறேன்.

அந்த ஹாலில் எனக்கு முதல் நாளே பிடிக்காமல் போன ஒருவர் இருந்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். இங்கே குடிப்பது அவருடைய மகன், முப்பது வயசு. ஹெட்மாஸ்டர் சார் சட்டைப்பையில் ஒரு சின்ன டைரி. மகன் என்றைக்கு எத்தனை மணிக்கு வந்தான், எவ்வளவு காசு கேட்டான், எத்தனை தடவை சத்தியம் பண்ணினான், எல்லாம் தேதிவாரியாக. யார் கேட்டாலும் டைரியைத் திறந்து படிப்பார். மகன் தலையைக் குனிந்து ஜமக்காளத்து நூலைப் பிய்த்துக்கொண்டே இருப்பான். 'என்ன மனுஷன்யா இவரு' என்று எனக்குள் ஒரே கடுப்பு.

மூன்றாவது நாள் இரண்டு வட்டமாக உட்காரச் சொன்னார்கள். உள் வட்டத்தில் அம்மாக்களும் மனைவிகளும் மட்டும். வெளி வட்டத்தில் மற்ற எல்லாரும். உள்ளே இருப்பவர்கள் அவர்களுக்குள் பேசிக்கொள்ளலாம், வெளியே இருப்பவர்கள் வாயே திறக்கக் கூடாது, கேட்க மட்டும்தான். முப்பது வருஷத்தில் அப்பா அம்மா பேசுவதை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான் இருக்கும், வேற வழியே இல்லாமல்.

முதலில் ஒருத்தரும் பேசவில்லை. அப்புறம் யாரோ பில்லி சூனியம் எடுக்கப் போன கதையைச் சொல்லிச் சிரித்தார்கள், மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். கோயில் கோயிலாகக் கயிறு கட்டியது, பாட்டிலில் தண்ணீர் கலந்து வைத்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. அப்போது எங்கள் அம்மா மெதுவாகச் சொன்னார்: "நான் ரசத்துல பொடி கலந்து குடுத்தேங்க."

எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப்போச்சு.

'குடிப்பவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுக்கலாம்' என்று பேப்பரில் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி ஒரு பொடி. 2008 தீபாவளி சமயத்தில் வி.பி.பி.யில் வந்தது. ஒரு நாள் ராத்திரி அப்பா குடித்துவிட்டு வந்து சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் எல்லாம் சிவந்து, மூச்சு வாங்கி, நெஞ்சு படபடக்குது என்று தரையில் சாய்ந்துவிட்டார். ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தோம். விடிகாலையில் சரியாகிவிட்டது. அம்மா அந்த டப்பாவைச் சாக்கடையில் கொட்டினார்.

மேடம் கூட இருந்த டாக்டரைப் பார்த்தார். அவர் விளக்கினார். குடியோடு சேர்ந்தால் உடம்பு எதிர்க்கிற மாதிரி செய்யும் டைசல்ஃபிரம் என்று ஒரு மருந்து நிஜமாகவே இருக்கிறது. ஆனால் சாப்பிடுகிறவருக்கு நன்றாகத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்த்துத்தான் கொடுக்கணும். தெரியாமல் கொடுத்தால் பிரஷர் இறங்கி ஆளே போய்விடலாம். விளம்பரப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது என்றார்.

"பொடியை யாரும்மா வாங்கினது?" மேடம் கேட்டார்.

அம்மா ஒரு செகண்ட் கூட யோசிக்கவில்லை. "நாந்தாங்க."

வாங்கினது நான். விளம்பரத்தைப் பார்த்ததும், பணம் கட்டியதும், "மூணு வேளையும் போடும்மா, மறக்காத" என்று தினமும் ஒன்பது மணிக்குப் போனில் விசாரித்ததும் நான். வெளி வட்டத்தில் இருப்பவர்கள் பேசக் கூடாது என்பது அன்றைக்கு எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று ராத்திரி கேண்டீனில் ரசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

*

ஐந்தாவது நாள்தான் எனக்கு நாள்.

அன்றைக்கு விளையாட்டு, குடும்பம் மாற்றிக்கொள்வது. ஒரு வீட்டுப் பிள்ளை இன்னொரு வீட்டுக்கு ஒரு மணி நேரம் பிள்ளை. என்னை ஹெட்மாஸ்டர் சாருக்குப் பிள்ளையாகப் போட்டார்கள். அவர் மகன் எங்கள் வீட்டுக்கு. சூழ்நிலை இதுதான்: பையன் ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறான், அவ்வளவுதான். குடித்திருக்கிறானா என்றுகூடச் சொல்லவில்லை.

நான் உள்ளே வந்தேன். சார் டைரியை எடுத்தார். "எங்க போன? எத்தனை மணிக்குக் கிளம்பின? கூட யாரு? பஸ்ஸுக்கு எவ்வளவு ஆச்சு? மிச்சம் எங்க? வாயை ஊது." விளையாட்டுதானே என்று நானும் பதில் சொன்னேன். நாலாவது கேள்வியிலேயே எரிச்சல் வந்துவிட்டது. பத்தாவது நிமிஷம் நிஜமாகவே கத்திவிட்டேன்: "யோவ், நான் இன்னிக்கு ஒண்ணுமே பண்ணலைய்யா!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. சாருக்கே சிரிப்பு.

மேடம் சிரிக்கவில்லை. "தம்பி, இப்ப என்ன பண்ணணும்னு தோணுது?" என்று கேட்டார். யோசிக்காமல், "வெளில போயிடணும் மேடம். எங்கயாவது" என்றேன். அடுத்து அவர் ஹாலைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "சார் மாதிரி கணக்கு கேக்கறவங்க வேற யாராவது இந்த ரூம்ல இருக்காங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் என் தம்பி கையைத் தூக்கினான். ஐந்து நாளில் அவன் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"எங்கண்ணன்" என்றான்.

"எப்படிப்பா?"

"அப்பா குடிச்சிட்டு வந்தா எனக்குப் பயம் இல்லை மேடம். கத்துவாரு, தூங்கிடுவாரு. ஒன்பது மணி போன்தான் பயம். அண்ணன் ஊருக்கு வருதுன்னாலே நான் வீட்டுல தங்க மாட்டேன்."

பதில் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எவ்வளவு பணம் அனுப்பினேன், யாருக்காக என் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டேன் என்று ஒரு பெரிய லிஸ்ட். ஆனால் எதிரில் சார் டைரியோடு உட்கார்ந்திருந்தார். நான் பேச நினைத்த ஒவ்வொரு வரியும் அந்த டைரியில் இருக்கிற மாதிரியே இருந்தது. அவரைப் பார்த்து நான் 'என்ன மனுஷன்யா' என்று நினைத்தேனே, அதை நான் எங்கே கொண்டு போய் வைப்பேன்?

அதே விஷயத்தை மேடம் நேரடியாகச் சொல்லியிருந்தால் நான் ஏற்றுக்கொண்டிருக்கவே மாட்டேன். 'இவங்களுக்கு என்ன தெரியும், புக்ல படிச்சுட்டு வந்து பேசறாங்க' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருப்பேன்.

நான் சொன்னது வேறு. "பொடியை வாங்கினது நான். அம்மா இல்லை."

அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. "சரி விடு" என்றார். "உன் பன்னெண்டாவது ட்யூஷன் பீஸை நான் குடிச்சேன். உங்கம்மாகிட்ட பிக்பாக்கெட்னு சொன்னேன். அதுக்கும் இதுக்கும் சரியாப்போச்சு." அப்புறம் கொஞ்சம் கழித்து, "செத்திருந்தா என்னடா பண்ணியிருப்ப?" என்றார். அதற்கு இன்றைக்கு வரைக்கும் என்னிடம் பதில் இல்லை.

*

பெங்களூர் திரும்பினப்புறம் இதைப் பற்றி நெட்டில் தேடித் தேடிப் படித்தேன். ஏதோ இவர்களாகக் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

நியூயார்க்கில் கிரீட்மூர் அரசு மனநல மருத்துவமனையில் பீட்டர் லாக்யூர் என்ற மருத்துவர் 1950களிலேயே மனச்சிதைவு நோயாளிகளையும் அவர்களுடைய குடும்பங்களையும் மொத்தமாக உட்காரவைத்துப் பேசவைத்திருக்கிறார். டெக்சாஸில் கால்வெஸ்டன் என்ற ஊரில் இன்னொரு முறை. ஒரே ஒரு குடும்பம், ஆனால் டாக்டர்கள் ஒரு கூட்டமாக இரண்டு முழு நாள் அவர்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். அதைப் பற்றி 1964-ல் புத்தகமே வந்திருக்கிறது. லண்டனில் மார்ல்பரோ ஃபேமிலி சர்வீஸ் என்ற இடத்தில் 1970களின் பிற்பகுதியில் ஆலன் குக்ளின் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் பகல் முழுக்க நடக்கும் ஒரு பிரிவை ஆரம்பித்தார்கள். கோர்ட், சமூகநலத்துறை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எல்லாரும் 'இவங்களைத் திருத்த முடியாது' என்று கைவிட்ட குடும்பங்கள்தான் அங்கே வந்தவை. ஒரு குடும்பத்துக்கு அடி, கடன், மனநோய், பிள்ளை வளர்ப்புக் கோளாறு எல்லாம் சேர்ந்து இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆபீஸ், ஒவ்வொரு ஆபீஸும் ஒரு திசையில் இழுக்கும். இவர்கள் பல குடும்பங்களை ஒரே இடத்தில் விட்டுச் சேர்ந்து சமைக்க, சாப்பிட, சண்டை போட, சமாதானமாக வைத்தார்கள். அடுத்த வீட்டு அம்மா பிள்ளையைத் திட்டும்போது நமக்குச் சட்டென்று தெரிவது, நாம் திட்டும்போது தெரியாது. அந்தச் சூட்சுமம்தான்.

ஆனால் எனக்கு ஆச்சரியமாக இருந்தது நம்ம ஊர்க் கதைதான். அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் 1950களிலேயே நோயாளிகளோடு அவர்கள் குடும்பத்தையும் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். குடும்பங்கள் அங்கேயே கூடிப் பேசும், குணமான ஒருவரைப் பார்த்து இன்னொரு குடும்பத்துக்கு நம்பிக்கை வரும். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கூடத் தங்கவேண்டும் என்பது ஆரம்ப காலத்திலிருந்தே உள்ள வழக்கம். பெங்களூர் நிம்ஹான்ஸில் குடும்பங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. குடிநோய்க்கு எடுத்துக்கொண்டால், கணவரைக் குடியால் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980-ல் சென்னையில் ஆரம்பித்த அமைப்பு குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை என்பதை இங்கே பரவலாக்கியது.

வித்யா சாகர் காலத்தில் டாக்டரும் கிடையாது, நர்ஸும் கிடையாது, அதனால் குடும்பத்தைக் கூப்பிட்டார்கள் என்றும் சொல்லலாம். இருக்கட்டுமே. இல்லாமையில் பிறந்தாலும் நல்ல யோசனை நல்ல யோசனைதான்.

*

"அப்புறம் அப்பா திருந்திட்டாரா?" என்று கேட்பீர்கள். சினிமாவாக இருந்தால் பத்தாவது நாள் சாயந்தரம் வயலின் போட்டு முடித்திருக்கலாம்.

ஏழு மாசம் நன்றாக இருந்தார். 2010 மார்ச்சில் பெரியப்பா சாவுக்குப் போன இடத்தில் குடித்துவிட்டார். மூன்று நாள். முன்னாடியாக இருந்தால் நான் அடுத்த பஸ் பிடித்து வந்து ருத்ர தாண்டவம் ஆடியிருப்பேன். இந்தத் தடவை அம்மா எனக்குப் போனே பண்ணவில்லை. நாலாவது நாள் அப்பாவே, "மறுபடி போகணும்டா" என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். எல்லாம் முடிந்தப்புறம்தான் எனக்குத் தகவல். கோபம் வந்தது உண்மை. 'என்கிட்ட ஏன் சொல்லலை' என்று கேட்க போனை எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய சாதனைகளில் அதுவும் ஒன்று :-)

அதற்கப்புறம் குடிக்கவில்லை. வாரம் இரண்டு நாள் ஏ.ஏ. மீட்டிங். அம்மா அல்-அனான் போனார். குடிப்பவர்களின் வீட்டுக்காரர்களுக்கான கூட்டம் அது, 1951-ல் அமெரிக்காவில் ஆரம்பித்து இங்கேயும் தமிழிலேயே நடக்கிறது. இந்தக் குடியை நான் உண்டாக்கவும் இல்லை, என்னால் அடக்கவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்பதுதான் அங்கே முதல் பாடம். அம்மாவுக்கு அந்தப் பாடம் ஏற இரண்டு வருஷம் ஆச்சு. எனக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

கடன் அடைய 2014 ஆச்சு. அக்கா புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை, நர்சரி ஸ்கூலில் டீச்சர் ஆனாள். அந்த வீட்டில் எல்லாமே சரியானது என்று பொய் சொல்ல மாட்டேன். தம்பி பாலிடெக்னிக்கை முடிக்கவில்லை. ஆனால் 2012-ல் பட்டறை ஷட்டரைத் தூக்கினது அவன்தான். அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். இப்போது கேட், கிரில் வேலை. அப்பா கை இன்னமும் லேசாக நடுங்கும், தையல் போடுவதெல்லாம் தம்பிதான். வீட்டில் ரசம் ஊற்றும்போது அப்பா அம்மாவை ஒரு பார்வை பார்ப்பார். அம்மா, "ஊர்ப்பட்ட பொடி போட்டிருக்கு, சாப்பிடுங்க" என்பார். பேரப் பிள்ளைகளுக்கு அந்த ஜோக் புரியாது.

ஹெட்மாஸ்டர் சாரின் மகன் 2012-ல் இறந்துவிட்டான். ஈரல். இரண்டு தடவை நிறுத்தி இரண்டு தடவையும் விழுந்தான். நானும் தம்பியும் போயிருந்தோம். சார் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார்: "அந்த ஹாலுக்கு அப்புறம் அவன்கிட்ட கணக்கு கேக்கறதை விட்டேன் தம்பி. கடைசி ரெண்டு வருஷம் நாங்க பேசிட்டு இருந்தோம். கிரிக்கெட், அது இதுன்னு. அதுக்கு முன்னாடி இருபது வருஷம் அவன்கூட நான் பேசவே இல்லைன்னு அப்பத்தான் தெரிஞ்சது."

சட்டைப்பையைப் பார்த்தேன். டைரி இல்லை.

*

காலேஜ் நண்பன் எல்லாத்தையும் கேட்டுவிட்டு, "சரிடா, ஆனா பத்து நாள் லீவு கிடைக்காது. இயர் எண்ட். அண்ணியை அனுப்பிடறேன், போதாதா?" என்றான்.

"அண்ணன் எப்ப வராரு, எவ்வளவு குடிக்கறாருன்னு வீட்டுல யாரு கணக்கு வெச்சுக்கறது?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "நான்தான். எக்ஸெல்ல வெச்சிருக்கேன்" என்றான்.

"அப்ப நீதான்டா மொதல்ல போகணும்" என்றேன். திட்டுவான் என்று பார்த்தேன். நேற்று மெசேஜ் வந்திருக்கிறது, லீவு சாங்ஷன் ஆயிடுச்சாம்.

பி.கு: வீட்டில் இருக்கும் தினக்குடிகாரரைத் தயவுசெய்து பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்தப் பார்க்காதீர்கள், சாப்பாட்டில் எதையும் கலக்காதீர்கள். முதலில் டாக்டர். யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் 2022-லிருந்து மத்திய அரசின் டெலி-மானஸ் இலவச எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். உங்கள் வீட்டில் ஒன்பது மணி போன் பண்ணுகிறவர் யார் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். பின்னூட்டத்தில் சொல்லவேண்டும் என்று அவசியமில்லை :-)